இடது பக்கத்துக் கதவு விஷயமாக

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மாப்பிள்ளை அவர்கள் சமூகத்திற்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும், உங்கள் அத்தையும், அத்தையின் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை என்று உங்கள் மனைவி, அதாவது நான் பெற்ற மகள், சொல்லிவிட்டபடியால் விசாரிக்கவில்லை. ஆனாலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்வதை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். கிளினிக்குக்கு எப்போது போன் செய்தாலும் "பேஷன்ட் இருக்காங்க மாமா, அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். காலையிலும் பேஷன்ட், மத்தியானமும் பேஷன்ட். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் பல் வலி வருமா மாப்பிள்ளை? எனக்கு வயசாகிவிட்டதுதான், புத்தி மழுங்கிவிடவில்லை. உங்களுக்கு என்மேல் கோபம். நீங்கள் கோபத்தைக் காட்டத் தெரியாத மனிதர், அதனால் பேஷன்டைக் காட்டுகிறீர்கள். மகளிடம் கேட்டேன். "ஒரே ஒரு வரி எழுதுங்கப்பா. தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு. அதுக்கு மேல ஒரு எழுத்துக்கூட எழுதாதீங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் விமானப் பட்டறையில் பெயிண்ட் பரிசோதகராக முப்பத்தொரு வருஷம் அறிக்கை எழுதின கை இது. காரணம் எழுதாமல் கையெழுத்துப் போட வராது.

நமக்குள் எப்படிப் பேச்சு ஆரம்பித்தது என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் நாம் பேசினதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டில் பாதி நிரம்பாது. "கிளினிக் எல்லாம் எப்படிப் போகுது?" "போகுது மாமா." "கூட்டம் வருதா?" "வருது மாமா." அதோடு சரி. அப்புறம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அத்தை காப்பி கொண்டுவந்தால் கடவுளே வந்த மாதிரி இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்தக் குட்டி விமானங்களைப் பார்த்தேன். அசலை நானூற்றில் ஒரு பங்காகக் குறுக்கி, உலோகத்தில் வார்த்து, பெயிண்ட் அடித்து, ஜன்னல் முதற்கொண்டு அச்சடித்து வைத்திருந்தார்கள். வாய் சும்மா இருக்குமா? "வால் நீலம் தப்பு மாப்பிள்ளே, அசல் இதைவிட ஒரு படி கருப்பு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்படி மாமா சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். என் சர்வீசில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. குறை சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களே தவிர, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டவர் நீங்கள் ஒருத்தர்தான். அன்றிலிருந்து நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு விமானத்தை டப்பாவில் வைத்துக்கொண்டு நீங்கள் வருவதும், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து லென்ஸ் வைத்து நாம் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பதும், அத்தை இரண்டு தடவை காப்பி கொடுத்துவிட்டு மூன்றாம் தடவை "இதுக்கு மேல கேட்டா பாலும் இல்ல, பொறுமையும் இல்ல" என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. இப்போது நாலு ஞாயிறாக அந்த நாற்காலி காலி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் விளக்கம்.

நீங்கள் இருவரும் ஒன்பது நாள் வெளியூர் போனபோது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, "செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்தினா போதும் மாமா" என்றீர்கள். மட்டும் என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை. முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டுதான் அலமாரி முன்னால் நின்றேன். இரண்டாம் நாள் அலமாரிச் சாவி கரண்டி டிராயரில் இருப்பது தானாகவே கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் அளவுகோல், நுணுக்கமாக அளக்கிற வெர்னியர், லென்ஸ் எல்லாம் எடுத்துப் போனேன். அடிவயிற்றைப் பார்க்க மட்டும் உங்கள் மேஜையில் இருந்த பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கடன் வாங்கினேன், துடைத்து வைத்துவிட்டேன். நாம் ஒரே விமானத்தை ஆறு மாதம் ஞாயிறுதோறும் அலசிக்கொண்டிருந்தால் முப்பத்தெட்டையும் என் ஆயுசுக்குள் முடிக்க முடியாது, நீங்களோ வருஷத்துக்கு நாலைந்து வாங்குகிறீர்கள். சரி, மாப்பிள்ளை வருவதற்குள் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

என்னென்ன கண்டேன் என்று சொன்னால் நீங்களே தலையில் கை வைப்பீர்கள். நாலு எஞ்சின் பெரிய விமானத்துக்கு ஜலதோஷம் பிடித்த மூக்கு. அசல் எழுபது மீட்டர் என்றால் இது பதினேழரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இருக்கிறது. நீளத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு மூக்கில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். இன்னொன்றின் முதுகில் இருக்கும் ஆன்டெனா முக்கால் மில்லிமீட்டர் தடிமன். நானூறால் பெருக்குங்கள், முப்பது சென்டிமீட்டர். அது ஆன்டெனாவா, தெருவிளக்குக் கம்பமா? மற்றொன்றில் உடம்பில் போட்ட கோடு கால் மில்லிமீட்டர் ஆழம், அசலில் பத்து சென்டிமீட்டர் பள்ளம். மேலே ஏறி வேலை பார்க்கிற மெக்கானிக் கால் இடறி விழுந்தால் யார் பதில் சொல்வது? ஒரு விமானம் பின்பக்கம் கனத்து, முன்சக்கரம் தரையில் படாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நிற்கிறது. உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன். பட்டறை வழக்கப்படி குறை உள்ளதுக்கெல்லாம் மஞ்சள் சீட்டு எழுதி, தையல் நூலில் வாலில் கட்டினேன். முப்பத்தொரு சீட்டு. ஆறு விமானம் தேறியது. ஆறு தேறியதே பெரிய விஷயம், அதை மறுபடி ஒரு தடவை சொல்கிறேன்.

மீதி ஒன்று. மேல் தட்டில், தனி டப்பாவில், துணி சுற்றி வைத்திருந்தீர்கள். வெள்ளை உடம்பு, பச்சை வால், இரண்டு எஞ்சின். எடுத்த உடனே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மூக்கு சரி, காக்பிட் கண்ணாடி சரி, இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் நகம் நுழையாது, சக்கரம் உருளுகிறது, பச்சை அசல் பச்சை. முப்பத்தெட்டில் இதுதான் மகாராஜா என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால், ஜன்னல் வரிசைக்கு நடுவில், ஒரு அவசரக் கதவு! அந்த ரக விமானத்துக்கு அங்கே கதவே கிடையாது. நான் என் கையால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து எத்தனையோ தடவை தேறியது என்று எழுதியிருக்கிறேன். வலது பக்கம் பார்த்தேன், இல்லை. ஆபத்து வந்தால் இடது பக்கம் உட்கார்ந்தவன் மட்டும் பிழைக்கலாம், வலது பக்கத்துக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதானா? இத்தனை நல்ல விமானத்துக்கு இப்படி ஒரு களங்கமா என்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. மகளுடைய அலங்கார மேஜையில் நகப்பூச்சு எடுக்கிற திரவம் இருந்தது, உங்கள் பெட்டியில் பஞ்சு இருந்தது. பெயிண்டை எடுப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம். பக்கத்து ஜன்னல் ஒன்றுகூடக் கலையவில்லை. அங்கே கதவு இருந்தது என்று அந்தக் கதவே வந்து சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். "இல்லாத கதவு நீக்கப்பட்டது. விமானம் இப்போது குறையற்றது" என்று வெள்ளைச் சீட்டு எழுதிக் கட்டி, கையெழுத்தும் போட்டு, அலமாரிக்கு நடுவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

நீங்கள் திரும்பி வந்த அன்று நான் வாசலிலேயே நின்றேன். பாராட்டை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவது என்று எண்ணம். நீங்கள் பெட்டியைக்கூட இறக்கவில்லை, நேராக அலமாரி பக்கம் போனீர்கள். சீட்டைப் படித்தீர்கள். விமானத்தை எடுத்து இடது பக்கம் பார்த்தீர்கள், வலது பக்கம் பார்த்தீர்கள், மறுபடி இடது பக்கம் பார்த்தீர்கள். "பரவாயில்லை மாமா" என்றீர்கள். குரல் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் "வலிக்காது" என்று சொல்வீர்களே, அதே குரல். "செடிக்குத் தண்ணி ஊத்தினதுக்கு தேங்க்ஸ் மாமா" என்றும் சொன்னீர்கள். அப்போதுதான் எனக்குச் செடி ஞாபகமே வந்தது. ஒன்பது தொட்டியில் ஏழு கருகிப்போயிருந்தன. மீதி இரண்டும் பிளாஸ்டிக்.

நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் என் மகள் ஆடின ஆட்டம் இருக்கிறதே! "அப்பா, அந்தக் கதவுக்காகத்தான்பா அவர் அதை வாங்கினாரு! கம்பெனில தப்பா அச்சடிச்சு, தெரிஞ்ச உடனே எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டாங்க. வெளியே தப்பிச்சது நாப்பதுதான். பதினோரு வருஷம் தேடியிருக்காருப்பா! எங்க நிச்சயதார்த்தத்து அன்னிக்குக்கூட அதைப் பத்தித்தான் பேசினாரு!" என்றாள். நான் திகைத்துப்போய், "தப்பா இருக்குன்னு தெரிஞ்சுமா வாங்கினாரு?" என்று கேட்டேன். "தப்பா இருக்குன்னுதான் வாங்கினாரு!" வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். உங்களைக்கூடத்தான் இத்தனை குறையோட நாப்பது வருஷமா வெச்சிருக்கேன். நான் துடைச்சுப் போட்டேனா?" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். ஆயுசு முழுக்கத் தப்பைத் தேடித் தேடி ஒழித்தவன் நான். ஒரு தப்பைப் பதினோரு வருஷம் தேடிக் கண்டுபிடித்து, துணி சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்கிற மனிதர் ஒருவர் இருப்பார், அவர் என் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வருவார் என்று யார் கண்டது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. புரிந்ததும் வெட்கமாகிவிட்டது. எனவே பரிகாரம் தேட ஆரம்பித்தேன். முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுதினேன். "ஐயா, நீங்கள் முன்பு செய்த தவறை இன்னும் ஒரே ஒரு தடவை செய்து அனுப்ப இயலுமா?" "எங்கள் தயாரிப்பில் தவறு நேர்வதில்லை" என்று பதில் வந்தது. திருத்திக்கொள்ளத் தெரியாதவர்கள். பிறகு கடைத்தெருவில் பொம்மைக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். அவர் பட்டன் கடைக்காரர் ஒருத்தரைக் காட்டிவிட்டார். முன்பக்கம் பட்டனும் ஊசியும் விற்கிறார், பின்கட்டில் அறுபது விமானம் வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "அதுவா, நம்மகிட்ட ஒண்ணு இருக்கே! உள்ளே எங்கேயோ கிடக்கு, தேடணும். வியாழக்கிழமை வாங்க. அந்தக் கதவு சரியா எந்த இடத்துல இருக்கும்னு சொன்னீங்க?" என்று கேட்டார். எவ்வளவு பொறுப்பான மனிதர் பாருங்கள்! தேடும்போது வேறு விமானத்தை எடுத்துவிடக் கூடாதே என்று அக்கறை. நானும் அவர் சிரத்தையை மெச்சி, எந்த ஜன்னலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், என்ன அகலம், என்ன சாம்பல் நிறம் என்று படமே வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை போனால் விமானம் தயாராக இருந்தது. ஆனால் உடனே கொடுக்கவில்லை. "நீங்க பெரிய பரிசோதகர்னு சொன்னாங்க. முதல்ல நம்ம விமானங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அறுபதையும் வரிசையாக எடுத்து வைத்தார். மாப்பிள்ளை, அன்று நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக் கூடாது. ஜன்னல் வரிசை மாட்டு வண்டித் தடம் மாதிரி வளைந்து போகிறது, "அருமை" என்றேன். எஞ்சின் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் சண்டை போட்ட தம்பதி மாதிரித் திரும்பிக்கொண்டிருக்கின்றன, "பிரமாதம்" என்றேன். ஒன்றுக்கு வாலே ஒட்டுப்போட்ட வால், "இப்படி ஒரு வாலை நான் பார்த்ததே இல்லை" என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை. நாக்கைக் கடித்துக் கடித்து நீங்கள்தான் வைத்தியம் பார்க்க வேண்டிய நிலைமை. அறுபதும் முடிந்ததும், விலைக்குத் தரமாட்டேன், மாற்றாக ஏதாவது கொடுங்கள் என்றார். என்னிடம் என்ன இருக்கிறது? ஓய்வு பெற்ற நாளில், இனி எந்த அறிக்கையிலும் குத்த முடியாதபடி முனையைத் தேய்த்து, ஞாபகமாக வைத்துக்கொள் என்று அதிகாரி கொடுத்த என் பரிசோதனை முத்திரை இருந்தது. பதினேழாம் எண். அதைத்தான் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது. ஆனால் முத்திரை டிராயரில் கிடக்கிறது, என்னோடு ஒரு வார்த்தை பேசுகிறதா? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு மணி நேரம் பேசுவீர்கள்.

ஆகவே, இத்துடன் அந்த விமானத்தை அனுப்புகிறேன். இடது பக்கம் கதவு இருக்கிறது, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். நான் லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை. இனி எந்த விமானத்தையும் குறை சொல்லமாட்டேன், அளக்கமாட்டேன், சீட்டுக் கட்டமாட்டேன் என்று உங்கள் அத்தை சாட்சியாகச் சத்தியம் செய்திருக்கிறேன். நான் செய்தது தப்பு. மன்னித்துவிடுங்கள். என் மகள் எழுதச் சொன்ன வரி இதுதான், கடைசியில் வந்துவிட்டது. உங்கள் கை நடுங்காமல் இருக்கவும், உங்கள் கிளினிக்கில் நாற்காலி காலியாகாமல் இருக்கவும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாருக்கும் பல் வலிக்காமல் இருக்கவும் மனதார ஆசீர்வதிக்கிறேன். அத்தையின் ஆசியும் உண்டு. என் மகளுக்கு என் அன்பையும், செடிகளின் குடும்பத்துக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்ட உங்கள் மாமனார்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டப் போகும்போது, டப்பாவில் ஆடுகிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. லென்ஸ் பக்கத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை, அந்தக் கதவு அச்சடித்த கதவு இல்லை. தூரிகையால் வரைந்தது. ஓரத்தில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாம்பல் நிறம் சரியாகக் காயக்கூட இல்லை. அளவில் மட்டும் குறையே சொல்ல முடியாது, நான் வரைந்து கொடுத்த படத்தில் உள்ளபடி அணுவும் பிசகவில்லை. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டு, முத்திரையைத் திருப்பி வாங்கப் புறப்பட்டேன். அத்தை செருப்பை எடுத்து ஒளித்துவிட்டாள். "அவர் பொய்யா ஒரு கதவு போட்டாரு, நீங்க பொய்யா அறுபது தடவை அருமைன்னீங்க. யாரு யாரை ஏமாத்தினது? பேசாம உக்காருங்க" என்றாள். இதை உங்களிடம் மறைத்துவிடலாமா என்று அரை மணி நேரம் நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. பொய்யான தப்பை அசல் தப்பு என்று உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் பார்சல் வராது, இந்தக் கடிதம் மட்டும்தான் வரும். விமானத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே வருகிறேன். பஞ்சும் திரவமும் என் பையில் இருக்கும். அந்தக் கதவை வைத்துக்கொள்வதோ துடைத்துப் போடுவதோ உங்கள் இஷ்டம். துடைப்பதாக இருந்தால் இந்தத் தடவை நீங்களே துடையுங்கள், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பஞ்சை அழுத்தாமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஜன்னல் கலைந்துவிடும்.